போலீஸ் சேப்ளின் ஆக வேண்டுமா? முதலில் காகிதத்தைத் தயார் செய்யுங்கள்

அமெரிக்காவில் போலீஸ் துறைக்குத் தன்னார்வ சேப்ளினாக, அதாவது போலீஸ்காரர்களுக்கும் துயரத்தில் இருக்கும் குடும்பங்களுக்கும் ஆறுதலாகத் துணை நிற்கும் சமயப் பணியாளராக, சேர நினைக்கும் நம்மவர்களுக்காக இதை எழுதுகிறேன். சம்பளம் கிடையாது, அகால நேரத்தில் போன் வரும் என்பதெல்லாம் தெரிந்துதான் வருவீர்கள். காகித வேலை இவ்வளவு படுத்தும் என்பதை எனக்கு யாரும் சொல்லவில்லை.

நான் கோயிலில் பிள்ளைகளுக்குத் தேவாரம் சொல்லிக்கொடுப்பவன். நோயாளிகளைப் போய்ப் பார்க்கும் குழுவிலும் பல வருடமாக இருக்கிறேன். குருக்கள் அல்ல. விண்ணப்பமும் நேர்முகமும் சிக்கலில்லாமல் முடிந்தன. யாரையும் மதம் மாற்றப் பேசக்கூடாது, கேட்டால் ஒழியப் பிரார்த்தனை செய்யக்கூடாது என்றார்கள். நமக்கு அதில் என்ன கஷ்டம்?

அப்புறம்தான் ஆவணப் பிரிவு அம்மாள் வந்தார். "குருப்பட்டச் சான்றிதழ் எங்கே?" நம்மிடம் அப்படி ஒன்று கிடையாது என்று விளக்கினேன். பட்டியலில் இருக்கிறதே என்றார். கோயில் தலைவரிடம் போனேன். "தம்பி, நான் எங்கே போய் உனக்குப் பட்டம் கொடுக்கிறது? வேணும்னா நல்ல பையன்னு ஒரு லெட்டர் தரேன்" என்றார். அந்த 'நல்ல பையன்' கடிதத்தைப் படித்துக்கூடப் பார்க்காமல் அந்த அம்மாள் திருப்பித் தள்ளினார். மேலதிகாரியைப் பார்க்கலாமா என்றால் அவர் விடுமுறையாம். இணையத்தில் ஐந்து நிமிடத்தில் பட்டம் தருகிறார்களே, வாங்கிவிடு என்று நண்பர்கள் சொன்னார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். பல துறைகள் அதை ஏற்பதில்லை. ஏற்றாலும், பின்னணி விசாரிப்பவர் அதைப் பற்றி ஒரு கேள்வி கேட்டால் முழிக்க வேண்டியிருக்கும்.

வழி காட்டியவர் அந்தத் துறையின் மூத்த சேப்ளின், ஒரு பாப்டிஸ்ட் போதகர். துறைக்குத் தேவை பட்டமல்ல, உங்கள் பின்னால் ஒரு சமூகம் நிற்கிறது என்ற உறுதிதான் என்றார். கடிதத்தில் மூன்று விஷயம் இருக்க வேண்டுமாம்: இவரை எங்கள் சமயப் பணியாளராக ஏற்றிருக்கிறோம், இன்றைக்கும் நல்ல நிலையில் இருக்கிறார், அந்த நிலை மாறினால் துறைக்கு எழுதித் தெரிவிப்போம். நிர்வாகக் குழுத் தீர்மானமாக, கோயிலின் வரிவிலக்குச் சான்றோடு கொடுத்தோம். அம்மாள் முத்திரை குத்தினார். என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை, போகட்டும்.

அடுத்தது கைரேகை. காவல் நிலையத்துக்குள் துணையில்லாமல் நடமாட வேண்டுமானால் இது கட்டாயம். என் விரல்களில் ரேகை தேய்ந்திருக்கிறது என்பது அன்றுதான் தெரிந்தது. தரம் போதவில்லை என்று திரும்பி வந்தது, மறுபடியும் கொடுத்தேன், மறுபடியும் வந்தது. "இனி ஒன்றும் செய்ய முடியாது" என்று கவுண்டரில் சொன்னார்கள். அது தவறு. இரண்டு முறை நிராகரிக்கப்பட்டால், பெயரை வைத்துத் தேடச் சொல்லித் துறையே எஃப்.பி.ஐ.யிடம் கேட்கலாம். இரண்டாவது நிராகரிப்பிலிருந்து 90 நாளுக்குள் கேட்க வேண்டும். இரண்டு நிராகரிப்புத் தாள்களையும் பத்திரமாக வைத்திருங்கள். போவதற்குச் சில நாள் முன்பிருந்தே கைக்குக் களிம்பு தடவி வருவதும் உதவும் என்கிறார்கள்.

பெயரை வைத்துத் தேடலாம், சரி. எந்தப் பெயரை? என் பழைய பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் காலி. அதனால் விசாவில் என் பெயர் குடும்பப் பெயராகி, முன்பெயர் இருக்கும் இடத்தில் எஃப்.என்.யூ. (முன்பெயர் தெரியவில்லை என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்று விழுந்தது. கல்லூரிச் சான்றிதழில் இனிஷியல். ஓட்டுநர் உரிமத்தில் அப்பா பெயர் முழுதாக. பின்னணி விசாரிப்பவர் மூன்று பேரைத் தேடிக்கொண்டிருந்தார்! 'வேறு பெயர்கள்' என்ற கட்டத்தை மணமான பெண்களுக்கானது என்று தாண்டிவிடாதீர்கள். எல்லா வடிவத்தையும் அதில் எழுதி, தமிழர் பெயர் எப்படி அமைகிறது என்று ஒரு பத்தி விளக்கமும் இணைத்துவிடுங்கள். நான் எழுதிய பத்தியைத் துறையில் இப்போது மாதிரியாக வைத்திருக்கிறார்களாம். சின்னப் பெருமைதான்.

பயிற்சி நன்றாக இருந்தது. 1973இல் தொடங்கிய சர்வதேச போலீஸ் சேப்ளின்கள் மாநாடு என்ற அமைப்பின் அடிப்படைப் பாடங்களைப் பல துறைகள் ஏற்கின்றன. தற்கொலை, ரகசியம் காத்தல், போலீஸ் குடும்பங்கள் என்று போகும். ரகசியம் பற்றிய வகுப்பைத் தவற விடாதீர்கள். நம்மிடம் ஒருவர் சொன்னதை வெளியிடாமல் இருக்கும் உரிமை மாநிலத்துக்கு மாநிலம் மாறும்.

மரணச் செய்தி சொல்லும் பாடத்தை வகுப்பில் படித்ததைவிட ஒரு வீட்டு வாசலில்தான் படித்தேன். அந்தக் குடும்பத்தைப் பற்றி எதுவும் சொல்ல மாட்டேன். கதவைத் தட்டுமுன் கூட வந்த அதிகாரி தோளிலிருந்த ரேடியோவின் சத்தத்தைக் குறைத்தார். பெயரைக் கேட்டு உறுதி செய்தார். உள்ளே வரலாமா என்றார், உட்கார வைத்தார், பிறகு சுற்றி வளைக்காமல் ஒரே வரியில் இறந்துவிட்டார் என்று சொன்னார். நான் பேசியது மிகக் குறைவு. உறவினர் ஒருவர் வரும்வரை இருந்தேன், யார் யாருக்குப் போன் செய்ய வேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன். திரும்பும்போது அந்த அதிகாரி கடவுளைப் பற்றிக் கேட்கவில்லை. தூக்கம் வருவதில்லை என்றார். ரோந்துக் காரில் கூடப் போகும்போதெல்லாம் பெரும்பாலும் இந்தப் பேச்சுதான். மனநெருக்கடிக்கான 988 எண் 2022 ஜூலையில் வந்துவிட்டது, ஆனாலும் போலீஸ்காரர் அதை முதலில் அழைப்பார் என்று எதிர்பார்க்க முடியாது. பக்கத்து சீட்டில் இருப்பவரிடம்தான் சொல்வார்.

காரில் ஏறுமுன் எது நடந்தாலும் துறை பொறுப்பல்ல என்ற தாளில் கையெழுத்துக் கேட்பார்கள். போடுங்கள், ஆனால் முறைப்படியான நியமனக் கடிதத்தையும் கேட்டு வாங்குங்கள். 2001 செப்டம்பர் 11 தாக்குதலில் இறந்த நியூயார்க் தீயணைப்புத் துறை சேப்ளின் மைக்கேல் ஜட்ஜ் பெயரில் 2002இல் வந்த சட்டப்படி, பணியில் இறக்கும் சேப்ளின்களுக்கும் மத்திய அரசு உதவித்தொகை உண்டு. ஆனால் துறை அதிகாரபூர்வமாக ஏற்றவராக இருக்க வேண்டும். என் கடிதத்தை அந்த அம்மாள் 'அப்புறம் அனுப்புகிறேன்' என்றார். வாசலிலேயே உட்கார்ந்து வாங்கி வந்தேன்.

எங்கள் துறையில் கோயில் கடிதத்தை வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். நிர்வாகக் குழுத் தேர்தலுக்கு முன்பே கையெழுத்து வாங்கிவிடுங்கள். புதுத் தலைவருக்கு எல்லாவற்றையும் முதலிலிருந்து விளக்க வேண்டியிருக்கும்.