ஹாவொர்த்: மலைமேட்டுக்கு முன்னால் பார்க்க வேண்டியவை

யார்க்ஷயரில் ஷார்லட் பிராண்டே வளர்ந்த ஹாவொர்த்துக்குப் போகிறவர்கள் பலர், இறங்கிய கையோடு டாப் விதன்ஸ் மேட்டுக்கு நடையைக் கட்டிவிடுகிறார்கள். போக வர அரை நாள் போய்விடும். அது ‘வதரிங் ஹைட்ஸ்’ நாவல் எழுதிய தங்கை எமிலியின் நிலம். ஷார்லட்டின் நாவல் ‘ஜேன் அயர்’ எங்கே முளைத்தது என்று பார்க்க வந்தவர்கள், பாதிரியாரான அப்பாவோடு பிள்ளைகள் வாழ்ந்த வீட்டுக்குள் முதலில் நுழையுங்கள். இன்று அது அருங்காட்சியகம்.

லீட்ஸிலிருந்து ரயிலில் கீத்லி. அங்கிருந்து பஸ், அல்லது நீராவி ரயில். நீராவி ரயில் தினமும் ஓடாது, தேதி பார்த்துக்கொள்ளுங்கள். ஸ்டேஷன் பள்ளத்தில் இருக்கிறது. கல் பாவிய மெயின் ஸ்ட்ரீட் செங்குத்தான ஏற்றம். மழைநாளில் வழுக்கும், நல்ல பிடிப்புள்ள ஷூ வேண்டும்.

குடும்பம் இங்கே குடிவந்தது 1820இல். மறு வருஷமே அம்மா இறந்துபோனார். வாசலுக்கு எதிரிலேயே கல்லறைத் தோட்டம். 1850இல் எடுத்த சுகாதார அறிக்கைப்படி, இந்த ஊரில் இறந்தவர்களில் 41.6 சதவீதம் ஆறு வயதைத் தாண்டாத குழந்தைகள்.

வீட்டுக்குள் அவசரப்படாமல் நிற்க வேண்டிய இடம், குட்டிப் புத்தகங்கள். 1826இல் அப்பா மகனுக்கு 12 மரச் சிப்பாய்கள் வாங்கி வந்தார். பிள்ளைகள் அவற்றுக்குப் பேர் வைத்து, நாடு கொடுத்து, அந்தச் சிப்பாய்கள் படிக்கிற அளவிலேயே பத்திரிகையும் தைத்தார்கள். ஷார்லட் 14 வயதில் செய்த ஓர் இதழ் 35க்கு 61 மில்லிமீட்டர்தான். 20 பக்கத்தில் 4,000 வார்த்தைக்கு மேல். அச்செழுத்து போலப் பொடிப்பொடியாக இருக்கும், பெரியவர்கள் கண்ணுக்குப் பிடிபடாது. அதில் ஒரு கொலைகாரனுக்குப் புத்தி பேதலித்து, கட்டில் திரை தீப்பற்றுகிறது. ‘ஜேன் அயர்’ நாயகன் ரோசெஸ்டரின் கட்டில் திரை எரிகிற காட்சியைப் படித்தவர்களுக்கு உடம்பு சிலிர்க்கும்.

நாவலின் கோபத்துக்கு ஊற்று வேறு இடத்தில். லங்காஷயர் ஓரத்தில் கவன் பிரிட்ஜ் என்ற சிற்றூர். அங்கே பாதிரிமார் மகள்களுக்கான விடுதிப் பள்ளியில் 1824இல் ஷார்லட்டைச் சேர்த்தபோது வயது எட்டு. அடுத்த வருஷம் அதே பள்ளியில் படித்த அக்காக்களில் மரியா 11 வயதில் மே மாதமும், எலிசபெத் 10 வயதில் ஜூன் மாதமும் காசநோயில் போனார்கள். நாவலில் ஜேனின் பள்ளித் தோழி ஹெலன் பர்ன்ஸ் இந்த மரியாதான், அவர்கள் படிக்கும் லோவுட் இந்தப் பள்ளிதான்.

பள்ளிக் கட்டடத்தில் மிஞ்சியது இன்று குடியிருப்பு வீடுகள். சுவரில் நினைவுப் பலகை உண்டு, வெளியிலிருந்து பார்க்கலாம். கார் இருந்தால்தான் ஹாவொர்த்தோடு ஒரே நாளில் முடியும். அங்கிருந்து டன்ஸ்டால் தேவாலயத்துக்கு நடந்து பாருங்கள், மூன்று கிலோமீட்டருக்கு மேல். ஞாயிறுதோறும் சிறுமிகள் நடந்த தூரம் இது. முகப்பு மண்டபத்துக்கு மேலே இருக்கும் சின்ன அறையில்தான் ஆறிப்போன மதியச் சாப்பாடு. செருப்புக்குள் பனி புகுந்து உருகியதையும் கையுறையில்லாத விரல்கள் மரத்துப்போனதையும் ஷார்லட் நாவலில் எழுத 20 வருஷத்துக்கு மேலாயிற்று. அதில் ஓர் ஈரம்கூடக் காயவில்லை.