பன்னிரண்டு மெஷின்

ஆகஸ்ட் 6, 2025, புதன்

இந்தியச் சரக்குக்கு அமெரிக்கா இன்னும் 25 சதவீதம் வரி போடுகிறது என்று இரவுச் செய்தியில் சொன்னார்கள். நாளை அமலுக்கு வரும் 25 தனி. புதிது 27-ஆம் தேதியிலிருந்து. ஆக 50. பருத்தி டி-சர்ட்டுக்கு அங்கே வழக்கமாக உள்ள வரி 16.5. கூட்டினால் 66.5. வங்கதேசத்துக்கும் வியட்நாமுக்கும் கூடுதலாகப் போட்டது 20தான்.

மச்சான் போன் செய்தார். "பார்த்தீங்களா மாப்பிள்ளை?" என்றார், பிறகு பேச்சே இல்லை. அவருடைய 40 தையல் மெஷினும் அமெரிக்க ஆர்டரில்தான் ஓடுகின்றன. என்னுடைய பன்னிரண்டில் எட்டு உள்ளூர் பனியனுக்கு ஓடுகிறது. இத்தனை வருடம் சொந்தக்காரர்கள் கேலி செய்த அந்த உள்ளூர் பனியன்.

சந்தோஷப்படக் கூடாது. கொஞ்சம் பட்டேன்.

ஆகஸ்ட் 9, சனி

சம்பளம் போட்டாயிற்று. யாருக்கும் பாக்கி இல்லை.

ஆகஸ்ட் 14, வியாழன்

மச்சான் நேரில் வந்தார். காபியைக் கையிலேயே வைத்துக்கொண்டு ஆறவிட்டார். அமெரிக்காவில் சரக்கு வாங்கும் பையர் மூன்று ஆர்டரை நிறுத்தி வைத்திருக்கிறானாம். ரத்து என்று சொல்லவில்லை, 'ஹோல்ட்' என்கிறானாம். ரத்து என்றாலாவது துணியை வேறு எதற்காவது திருப்பிவிடலாம். ஹோல்ட் என்றால் கட்டிங் ஆன பீஸ் மூட்டை மூட்டையாக ஷெட்டிலேயே கிடக்கும். வட்டி மட்டும் நிற்காது.

பிறகு விஷயத்துக்கு வந்தார். ஷெட் அட்வான்ஸ், 40 மெஷின், கம்ப்ரசர், ஜெனரேட்டர் எல்லாம் சேர்த்து 32 லட்சத்துக்கு எடுத்துக்கொள்ளச் சொல்கிறார். நல்ல காலத்தில் இந்த விலைக்குப் பேச்சே நடக்காது, உண்மைதான். "எல்லோரும் பயப்படும்போது வாங்குகிறவன்தான் திருப்பூரில் மேலே வந்திருக்கிறான். நீங்களும் பார்த்ததுதானே?" என்றார். பார்த்திருக்கிறேன். 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை இழுத்து மூடச் சொல்லி ஐகோர்ட் உத்தரவு வந்தபோது ஊரே முடிந்தது என்றார்கள். அன்றைக்குப் பாதி விலைக்கு மெஷின் வாங்கிப் போட்டவர்களில் இரண்டு பேர் இன்று அவினாசி சாலையில் கண்ணாடி வைத்த கட்டடத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். மூன்றாமவர் எங்கே என்று யாரும் கேட்பதில்லை.

அவர் போன பிறகு கணக்குப் போட்டேன். வாங்க 32, ஓட்ட 18. ஐம்பது லட்சம் கடன், பத்தரை வட்டி, ஏழு வருடம். மாதத் தவணை 84,000 சொச்சம்.

எங்கள் வீட்டுக்கு மாதம் 42,000 போதும். கடன் என் வீட்டைப் போல இரண்டு வீட்டை நடத்தச் சொல்கிறது.

ஆகஸ்ட் 16, சனி

சம்பளம் போட்டாயிற்று. ஓவர்லாக் மெஷினில் தைக்கும் அக்கா கவரைப் பிரித்து எண்ணவே மாட்டார். சுருட்டிச் சுருக்குப்பையில் திணித்து, பையை இடுப்பில் செருகி, அதன் மேல் ஒரு தட்டுத் தட்டுவார். அந்தத் தட்டைப் பார்க்காமல் நான் ஷட்டரை இறக்குவதில்லை.

ஆகஸ்ட் 20, புதன்

பருத்தி இறக்குமதி வரி 11 சதவீதத்தை செப்டம்பர் 30 வரை எடுத்துவிட்டார்கள். பேக்கரியில் ஒருவர் இதோடு எல்லாம் சரியாகிவிடும் என்று அடித்துப் பேசினார். நூல் விலை இறங்கினால் நல்லதுதான். ஆனால் ஹோல்டில் கிடக்கும் மூட்டையை அது நகர்த்தாது.

மகள் கேட்டாள்: "மாமா ஷெட்டை எடுக்கிறீங்களாப்பா?" இல்லை என்றேன். "பயமா, போதும்னா?"

கல்லூரிக்கு அனுப்பியது இப்படிக் கேட்கத்தானா? பதில் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 27, புதன்

இன்று விநாயகர் சதுர்த்தி. வரியும் இன்றைக்குத்தான். கொழுக்கட்டை நன்றாக வந்திருந்தது.

ஆகஸ்ட் 29, வெள்ளி

அவினாசியில் கல்யாணம். பந்தியில் பக்கத்து இலைக்காரர், எனக்கு ஏதோ தூரத்துப் பங்காளி, ரசத்துக்கு முன்னாலேயே கேட்டுவிட்டார்: "எத்தனை மெஷின்?"

இந்த ஊரில் இதுதான் நலம் விசாரிப்பு. சம்பளத்தைக் கேட்க மாட்டார்கள், அது நாகரிகம் இல்லை. மெஷின் எண்ணிக்கையைக் கேட்பார்கள். அதிலிருந்து வருமானம், வீடு, பெண்ணுக்குப் போடப்போகும் பவுன், கல்யாண மண்டபத்தில் எந்த வரிசையில் உட்கார வேண்டும் என்பது வரை கணக்குப் பண்ணிக்கொள்வார்கள். பன்னிரண்டு என்றேன். "இன்னுமா?" என்றார்.

வண்டியில் வரும் வழி முழுக்க அந்த 'இன்னுமா' காதிலேயே இருந்தது. நல்ல பதில்கள் எல்லாம் திருமுருகன்பூண்டி தாண்டிய பிறகுதான் தோன்றின. பந்தியில் நான் செய்தது, அப்பளத்தை உடைத்தது மட்டும்தான்.

அப்பா வாழ்நாள் முழுக்க அடுத்தவர் மெஷினில் உட்கார்ந்தவர். சனிக்கிழமை முதலாளி வீட்டு வாசலில் இரவு ஒன்பது மணி வரை சம்பளத்துக்கு நிற்பார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். அந்த முதலாளியிடம் அப்போது 80 மெஷின். இதைப் பங்காளியிடம் சொல்லியிருந்தாலும் "எண்பதா!" என்றுதான் வாயைப் பிளந்திருப்பார்.

செப்டம்பர் 3, புதன்

என் மற்ற நாலு மெஷினுக்கு வேலை தரும் ஏற்றுமதிக் கம்பெனியில் கூப்பிட்டார்கள். பீசுக்கு ஒன்றரை ரூபாய் குறைக்க வேண்டுமாம். பையர் தள்ளுபடி கேட்கிறான், எல்லோரும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும் என்றார் மேனேஜர். நல்ல வருடங்களில் பங்கு போட யாரும் கூப்பிட்டதாக நினைவில்லை. ஜூன் மாத பில்லே இன்னும் வரவில்லை. சிறு தொழிலுக்கு 45 நாளில் பணம் தர வேண்டும், தராவிட்டால், கொடுத்து முடிக்கும்வரை அந்தச் செலவை வருமான வரியில் காட்ட முடியாது என்று சட்டம் இருக்கிறது. அதை எடுத்துக்காட்டினால் தைக்கத் தரும் அடுத்த கட்டு வராது, அதுவும் சட்டம்தான்.

ஒன்றரை ரூபாய் முடியாது, முக்கால் என்றேன். பார்க்கலாம் என்றார்.

நாலு மெஷினை உள்ளூருக்குத் திருப்ப முடியுமா என்று பனியன் மொத்தக் கடைகள் இருக்கும் காதர்பேட்டையில் விசாரிக்க வேண்டும்.

செப்டம்பர் 6, சனி

சம்பளம் போட்டாயிற்று. வீட்டுக்கு எடுத்த பிறகு 3,100 மிச்சம்.

செப்டம்பர் 10, புதன்

தூக்கம் வரவில்லை. மச்சானுடைய மெஷின்கள் கண்ணுக்குள் வரிசையாக நிற்கின்றன. டைரக்ட் டிரைவ் மெஷின்கள், சத்தமே கிடையாது, கரண்டும் மிச்சம். என்னுடையவற்றில் பாதி, கிளட்ச் மோட்டார் போட்ட பழசு.

வரி அடுத்த மாதமே இறங்கிவிட்டால்? இந்த ஊர் என்னைப் பற்றி என்ன பேசும் என்று தெரியும். வாசல் வரை வந்த லட்சுமியைத் திருப்பி அனுப்பியவன்.

போதுமென்ற மனமே பொன் செய்யும் மருந்து என்பார்கள். இரவு இரண்டு மணிக்கு அந்த மருந்து வேலை செய்வதில்லை.

செப்டம்பர் 16, செவ்வாய்

வங்கியிலிருந்து ஓர் அதிகாரி ஷெட்டுக்கே வந்தார். மச்சான் அனுப்பியிருக்கிறார். சின்ன வயது, வியர்வையைத் துடைத்துக்கொண்டே நன்றாகப் பேசினார். வீட்டுப் பத்திரமே வேண்டாமாம். கடன் உத்தரவாதத் திட்டத்தில் போட்டுக்கொள்ளலாம், இந்த ஏப்ரலிலிருந்து அதன் உச்சவரம்பே 10 கோடி ஆகிவிட்டது, உங்களுடைய 50 லட்சமெல்லாம் ஒன்றுமே இல்லை என்றார்.

இதுவரை யார் கேட்டாலும் வீட்டை அடமானம் வைக்க மாட்டேன் என்றுதான் சொல்லி வந்தேன். மறுப்பதற்கு வசதியான காரணம். அதை அவர் ஒரே நிமிடத்தில் எடுத்துவிட்டார். நாளைக்குச் சொல்கிறேன் என்று அனுப்பினேன்.

செப்டம்பர் 17, புதன்

பேட்லாக் மெஷின் ஓட்டும் பையன் வரவில்லை. நானே உட்கார்ந்தேன். காலையிலிருந்து மூன்று மணி வரை அடி மடித்தேன். ஊசி ஒருமுறை முறிந்தது, மாற்றினேன். தையல் கீழே சமமாக விழுகிறதா என்று விரலால் தடவிப் பார்ப்பது எனக்குப் பதினாறு வயதில் வந்த பழக்கம். கண்ணைவிட விரல் முதலில் கண்டுபிடிக்கும். மூன்று மணிக்கு எழுந்தபோது இடுப்பு வலித்தது. போனில் பதினோரு தவறிய அழைப்புகள். எவன் வீட்டுக் கூரையும் இடிந்து விழுந்திருக்கவில்லை.

52 மெஷின் என்றால் நான் எதில் உட்காருவேன்? எதிலும் இல்லை. மச்சான் ஊசி மாற்றி எத்தனை காலம் ஆகியிருக்கும்? கான்ட்ராக்டரோடு ஒரு போன், கம்பெனியோடு ஒரு போன், வங்கியோடு ஒரு போன். ஒடிசாவிலிருந்து வந்த பிள்ளைகளுக்கு அறை, சமையல், ஒருவனுக்குக் காய்ச்சல் என்றால் ராத்திரி ஆஸ்பத்திரி. அதெல்லாம் வேண்டியவர்களுக்கு அது வாழ்க்கை. அவர் அதில் சந்தோஷமாகத்தான் இருந்தார், ஜூலை வரைக்கும். நான் அதைக் குறை சொல்லவில்லை.

கடனே இல்லாமல், இனாமாகக் கொடுத்தாலும் நான் எடுக்க மாட்டேன். இதை எழுதிவிட்டு மறுபடி வாசித்துப் பார்த்தேன். ஆமாம், இனாமாகக் கொடுத்தாலும்தான்.

மகளுக்கு இப்போது பதில் சொல்லலாம். அவள் தூங்கிவிட்டாள்.

செப்டம்பர் 18, வியாழன்

வங்கிக்காரரிடம் சொல்லிவிட்டேன். மச்சானிடமும். "உங்களுக்கு ஆசையே கிடையாது மாப்பிள்ளை" என்றார்.

எனக்கா ஆசையில்லை? சம்பளத்தை எந்த வாரமும் கடன் வாங்கிப் போடக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை ஷட்டரைத் திறக்கக் கூடாது. மகள் படிப்பு முடியும்வரை 42,000 தடைபடக் கூடாது. அம்மாவின் இன்சுலின் அதற்குள்ளேயே அடங்க வேண்டும். இத்தனையும் ஒரே சமயத்தில் நடக்க வேண்டும் என்பது பேராசை.

செப்டம்பர் 22, திங்கள்

இன்றிலிருந்து 2,500 ரூபாய் வரையான உடைகளுக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம். ஊரெல்லாம் வாழ்த்துச் செய்தி. நாங்கள் தைக்கும் பனியன் ஆயிரத்துக்குள்தான், அதற்கு முன்பே 5. நமக்கு இதில் ஒன்றும் இல்லை. இருந்தாலும் கடைக்காரர்களுக்கு உற்சாகம் வந்திருக்கிறது, தீபாவளிக் கட்டு கூடுதலாகவே வந்தது. நாலு மெஷினும் உள்ளூருக்குத் திரும்பிவிட்டன. முக்கால் ரூபாய் பேரம் அப்படியே தொங்குகிறது. தொங்கட்டும்.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. மெஷின்களைத் துடைத்துப் பொட்டு வைத்தோம். ஓவர்லாக் கத்திக்கு அடியில் பஞ்சுத் தூசி விரற்கடை உயரத்துக்கு இருந்தது.

மச்சான் ஷெட்டில் பூஜை இல்லையாம். என் மனைவி தன் அண்ணனுக்குப் பொரியும் சுண்டலும் கொடுத்து அனுப்பினாள். என்னோடு நாலு நாளாக அளந்துதான் பேசுகிறாள். எடுத்திருக்கலாமே என்று அவள் ஒருமுறைகூடச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டு முடித்திருக்கலாம்.

அக்டோபர் 4, சனி

சம்பளம் போட்டாயிற்று. போனஸுக்கு எடுத்து வைத்தது போதுமா என்று இரண்டு முறை எண்ணினேன். போதும், மகளின் லேப்டாப் தள்ளிப்போகிறது. அவளிடம் சொன்னேன். முகம் கொஞ்சம் சுருங்கியது, பிறகு சரி என்றாள். அந்தச் சுருக்கம் 42,000-இல் சேராத செலவு.

அக்டோபர் 8, புதன்

ஷெட்டுக்கு ஆள் வந்துவிட்டது. வாங்குகிறவன் என்னிடம் கைமடியாக, டெய்லருக்கு உதவியாளாக, வந்து சேர்ந்த பையன்! மீசை முளைக்காத வயதில் வந்தவன். இப்போது சொந்தமாக 20 மெஷின், கூட இந்த நாற்பது. போன் செய்து ஆசீர்வாதம் பண்ணுங்கண்ணா என்றான். பண்ணினேன். போனை வைத்த பிறகு வயிற்றில் எரிந்தது, டீ குடித்தும் அடங்கவில்லை. இனாமாகக் கொடுத்தாலும் வேண்டாம் என்றவனுக்கு எதற்கு எரிகிறது? தெரியவில்லை. சாயங்காலம் கொஞ்சம் குறைந்தது.

அக்டோபர் 11, சனி

சம்பளம் போட்டாயிற்று.

பணம் கட்டுவதற்கு முன்னால் மெஷின்களை ஒருமுறை பார்த்துச் சொல்லுங்கள் என்று பையன் கெஞ்சினான். மச்சான் இல்லாத நேரமாகப் பார்த்துப் போனேன். ஒவ்வொன்றாக உட்கார்ந்து துண்டுத் துணியில் ஓட்டிப் பார்த்தேன். நல்ல மெஷின்கள். ஆனால் மூன்று பேட்லாக்கில் அடி நூலைக் கோக்கும் லூப்பர் தேய்ந்திருக்கிறது, ஜெனரேட்டர் ஆயில் ஒழுகுகிறது. ஒன்றே கால் லட்சமாவது குறைத்துக் கேள் என்று சொல்லிவிட்டேன்.

வீட்டுக்கு வந்தால் அவள் வாசலிலேயே நிற்கிறாள். அதற்குள் போன் வந்துவிட்டது. "எங்க அண்ணன் பொருளுக்கு நீங்க போய் விலை குறைக்கிறீங்களா?"

லூப்பர் தேய்ந்திருக்கிறதே என்றேன்.