புளியங்கொட்டைக் கணக்கு

மே 4, 2025
இரண்டு சாஃப்ட்பால் ஆட்டம். இரண்டிலும் பாப்பாதான் பந்து வீசினாள். காரில் ஏறியதும் சீட் பெல்ட்டை இடது கையால் இழுத்து மாட்டிக்கொண்டாள். "என்னம்மா ஆச்சு?" "ஒண்ணுமில்லப்பா."

மே 6
தோளின் முன்பக்கம். விரல் வைத்துக் காட்டுகிறாள். நேற்று காட்டிய அதே இடம்.

மே 7
தூக்கம் வரவில்லை. பக்கத்து வீட்டுப் பையனுக்கும் பன்னிரண்டு வயதுதான். சிறுவர்களுக்கான லிட்டில் லீக் பேஸ்பாலில் அவன் ஒரு நாளைக்கு 85 பந்துக்கு மேல் வீச முடியாது. 2007இலிருந்து எண்ணுகிறார்கள். இவள் ஆடும் வாரக்கடைசிப் போட்டிகளில் யாரும் எண்ணுவதில்லை. கையைக் கீழாகச் சுழற்றி வீசுவது உடம்புக்கு இயல்பானது, வலிக்காது என்றார்கள். நம்பினேன். மூன்று வருடம் பந்து வாளியின் மூடிமேல் உட்கார்ந்து, நாற்பது அடி தள்ளி, அவள் வீசியதையெல்லாம் பிடித்தவன் நான். எத்தனை என்று ஒரு நாளாவது எண்ணியிருக்கிறேனா?

1996 அட்லாண்டா ஒலிம்பிக் சாஃப்ட்பாலில் வீசியவர்களைக் கேமராவில் எடுத்து அளந்திருக்கிறார்கள். தோள் மூட்டைப் பிய்த்து இழுக்கும் விசை உடல் எடையில் 80 சதவீதம் அளவுக்கு வந்ததாம். பாப்பா 41 கிலோ. அப்படியென்றால் ஒரு பந்துக்கு முப்பது கிலோவுக்கு மேல். ஒவ்வொரு பந்துக்கும்.

மே 9
கிழியவில்லை என்றார் டாக்டர். பைசெப்ஸ், அதாவது மேல்கையின் முன்பக்கத் தசை, அதன் நாணில் வீக்கம். மூன்று வாரம் பந்தைத் தொடக்கூடாது.

மே 14
போனில் இருந்த பழைய வீடியோக்களைப் பார்த்தேன். நொடிக்கு 240 படம் எடுக்கும் ஸ்லோ மோஷன். கையையேதான் பார்த்துக்கொண்டிருந்தேன். இவள் அம்மா பின்னாலிருந்து, "காலைப் பாருங்க" என்றாள். ஆட்டத்தின் தொடக்கத்தில் இடது கால் ஊன்றும்போது முட்டி நிற்கிறது. கடைசி இன்னிங்ஸில் அதே முட்டி மடங்கி உள்பக்கம் சரிகிறது. என் கண் முன்னால் நடந்தது இது.

மே 15
மடங்குகிறது. இன்னும் நான்கு வீடியோ பார்த்துவிட்டேன்.

ஜூன் 3
உடல் அசைவை அளக்கும் லேப். தோள், முழங்கை, இடுப்பு, முட்டி எங்கும் கோலிக்குண்டு அளவில் பளபளக்கும் உருண்டைகளை ஒட்டினார்கள். சுற்றிலும் கேமரா. கால் ஊன்றும் இடத்தில், தரையோடு தரையாக, விசையை அளக்கும் பலகை. மெதுவாகப் பத்தே பந்து. திரையில் சதையும் தோலும் இல்லாமல் ஒரு குச்சி உருவம் வீசியது. "இது நானாப்பா?" என்று கிட்டே போய்த் தொட்டுப் பார்த்தாள்.

அங்கிருந்த பெண் பொறுமையாகச் சொன்னார். முன்கால் தரையில் ஊன்றி உடம்பை நிறுத்த வேண்டும். அப்படி நின்றால்தான் முன்னால் பாய்ந்து வந்த வேகம் இடுப்பு, முதுகு வழியாகக் கைக்கு ஏறும். முட்டி மடங்கினால் உடம்பு முன்னால் சாய்ந்துவிடும், மிச்ச வேகத்தைக் கையே உண்டாக்க வேண்டும். உச்சியிலிருந்து கை இறங்கி, கடிகாரத்தில் ஒன்பது மணி இருக்கும் இடத்துக்கு வரும்போதுதான் பைசெப்ஸுக்கு அதிக வேலை. வலிப்பதும் அங்கேதான். "கையை மாத்த வேண்டாம். காலைச் சரிபண்ணுவோம்."

வலி தோளில். குறை முட்டியில். அதன் காரணம் நான் எண்ணாத பந்துகள்.

ஜூன் 6
ஓக்லஹோமா சிட்டி, கல்லூரி சாஃப்ட்பால் இறுதி ஆட்டம். டெக்ஸாஸ் டெக் பல்கலைக்கழகத்தின் நிஜாரி கேனடி அங்கே இதுவரை அணியின் எல்லாப் பந்தையும் தனியாளாக வீசியவர். இன்று முதல் இன்னிங்ஸிலேயே எதிரணிக்கு ஐந்து ரன் கொடுத்துவிட்டார், வெளியே எடுத்துவிட்டார்கள். பாப்பா டிவியை அணைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள். நானும் ஒன்றும் சொல்லவில்லை.

ஜூன் 9
பல் தேய்க்கும்போது இடது காலில் மட்டும் நிற்கிறாள். வாய் நிறைய நுரையோடு, கண்ணாடியில் தன் முட்டியையே பார்த்தபடி.

ஜூன் 14
இருபது பந்து. புளி ஊறவைக்கும்போது எடுத்துவைத்த கொட்டை இருபதை வலது பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன். பந்துக்கு ஒன்று இடது பாக்கெட்டுக்கு. வலி இல்லை. வலி இல்லை என்றுதான் சொல்கிறாள்.

ஜூன் 15
சீட் பெல்ட், வலது கை.

ஜூன் 19
கோச்சிடமிருந்து மெசேஜ். ஞாயிற்றுக்கிழமை ஆள் இல்லையாம், இவள் வீசுவாளா என்று. இன்னும் பதில் போடவில்லை.

ஜூன் 20
நாற்பது கொட்டை. இருபத்தெட்டாவதில் முட்டி மடங்கியது. பந்து நேராகத்தான் வந்தது, வேகமும் குறையவில்லை. "இன்னும் ரெண்டே ரெண்டுப்பா." பந்தை வாளியில் போட்டு மூடினேன். அழுதாள். இரவு கோச்சுக்கு போன் செய்ய வேண்டும்.