லாச்சிக்குப் பின்னால் முரசுமோட்டைப் புழுதி

வன்னியில் கார் வைத்திருக்கிற யாரிடமும் இன்ஜின் எயார் பில்டர் பற்றிப் பேசிப் பாருங்கள். கடைசியாக எப்போது மாற்றியது, எந்தக் கடையில் வாங்கியது, ஒரிஜினலா சைனாவா எல்லாம் சொல்லுவார்கள். ஏசிக்கென்று உள்ளே தனியாகக் கபின் பில்டர் என்று இன்னொன்று இருக்கிறதே, அதை எப்போது மாற்றினீர்கள் என்று கேட்டால் பாதிப் பேர் நம்மை ஒரு மாதிரிப் பார்ப்பார்கள். இது ஏதோ காசு பறிக்கிற கதை என்று நினைப்பு. என் மாமாவும் அப்படித்தான் பார்த்தார்.

நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். அப்பா அம்மாவுக்கு ஊர் முரசுமோட்டை, பரந்தன் சந்தியிலிருந்து முல்லைத்தீவுக்குப் போகிற றோட்டில், இரணைமடுத் தண்ணீரில் வயல் செய்கிற ஊர். 1990இல் மன்னார்க் கரையில் படகேறி ராமேஸ்வரம் போய், மண்டபத்தில் பதிந்து, அப்புறம் திருச்சிப் பக்கத்து முகாம் ஒன்றில் குடியமர்த்தப்பட்டார்கள். நான் அங்கே பிறந்தவன். படித்துவிட்டு முகாம் பையன்கள் பலரும் பெயின்ட் அடிக்கப் போனபோது எனக்கு ஒரு கார் ஏசி ஒர்க்ஷாப்பில் வேலை கிடைத்தது. கேஸ் நிரப்புவது, கூலிங் காயில் கழற்றிக் கழுவுவது, பில்டர் மாற்றுவது என்று வருஷக் கணக்காக அதே வேலை. அம்மாவுக்கு ஊருக்குத் திரும்ப வேண்டும் என்ற ஆசை விடவே இல்லை. 2022இல் இங்கே பெற்றோலுக்கு நாள் கணக்கில் வரிசையில் நின்று, அப்புறம் கியூஆர் கோட் வந்து, அந்தக் களேபரம் ஓய்ந்த பிறகு நாங்கள் வந்து சேர்ந்தோம்.

எல்லோரும் இதை 'திரும்பி வந்தது' என்கிறார்கள். எனக்குத் திரும்ப என்ன இருக்கிறது, நான் அதற்கு முன்னால் பார்த்தே இராத நாடு. சென்னையிலே துணைத் தூதரகத்தில் பிறப்பைப் பதிந்து குடியுரிமைப் பேப்பர் எடுத்து வந்திருந்தும், இங்கே விதானையாரிடம், அதாவது கிராம அலுவலரிடம், கடிதம், பிரதேச செயலகத்தில் ஒரு கையெழுத்து, அடையாள அட்டைக்குக் காத்திருப்பு, அட்டை வந்த பிறகு இந்திய லைசன்ஸைக் காட்டி இந்த நாட்டு லைசன்ஸ் எடுக்கக் கொழும்புப் பக்கத்து வேரஹெர வரைக்கும் பயணம். படிவம் பாதி சிங்களத்தில். நல்ல வேளை, ஸ்டியரிங் இரண்டு நாட்டிலும் வலப்பக்கம், ஓடுவதும் இடப்பக்கம். அந்த ஒன்றையாவது புதிதாகப் பழக வேண்டி வரவில்லை.

லைசன்ஸ் கிடைத்ததும் மாமா தன் காரைத் தந்தார். 2007 டொயோட்டா ஆக்சியோ, ஜப்பானில் ஓடிவிட்டு இங்கே வந்தது. கட்டுநாயக்காவுக்கு எயார்போட் ஹயர், இடைக்கிடை யாழ்ப்பாணம், கல்யாண வீடு, ஆஸ்பத்திரி. திருச்சியில் இந்த வயசுக் காரை யாரும் வாடகைக்கு விடமாட்டார்கள். இங்கே அது சொத்து. 2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதியை 2025 பெப்ரவரியில்தான் தனியார் கார்களுக்குத் திறந்தார்கள், திறந்தும் வரியோடு சேர்த்து விலையைக் கேட்டால் வந்த வழியே திரும்பிவிடலாம். அதனால் இருக்கிற பழசைக் காப்பாற்றி ஓடுவதுதான் எல்லோருக்கும் வழி.

காரில் ஏறின முதல் நாளே எனக்கு மூக்கில் அடித்தது, ஏசி போட்டதும் வருகிற அந்த ஊறின சாக்கு வாசம். காற்றும் போதாது. புளோவரை நாலில் வைத்தாலும் இரண்டு மாதிரித்தான் வருகிறது, சத்தம் மட்டும் நாலுக்கு உரியது. மாமா கேஸ் குறைந்துவிட்டது என்று கராஜில் கேஸ் நிரப்பி வைத்திருந்தார். கேஸ் குறைந்தால் காற்று சூடாக வரும், அளவு குறையாது. குளிரும் காற்று கொஞ்சமாக வந்தால் வழியில் எங்கேயோ அடைப்பு. ஏசி வேலை பழகுகிறவனுக்கு முதலில் சொல்லித் தருகிற பாடமே இதுதான்.

கனடாவிலிருந்து வந்த ஒரு குடும்பத்தைக் கட்டுநாயக்காவில் ஏற்றி வந்த ஹயரில், அவர்களுடைய சின்னப் பெட்டை புத்தளம் தாண்டினதிலிருந்து தும்மத் தொடங்கி, முறிகண்டியில் தேங்காய் உடைக்க இறங்கும் வரைக்கும் நிறுத்தவில்லை. அந்த அண்ணை கச்சான் கடலைச் சரையைப் பிரித்துக்கொண்டே, "தம்பி, கபின் பில்டர் எப்ப மாத்தினது?" என்று கேட்டார். மாமா முன் சீட்டிலிருந்து, "உதுக்குள்ள அப்பிடி ஒண்டும் இல்லை" என்று முடித்துவிட்டார். நான் வாயைத் திறக்கவில்லை. பயணிக்கு முன்னால் முதலாளியை, அதுவும் அம்மாவின் தம்பியை, மறுத்துப் பேசுகிற வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை.

அடுத்த நாள் காலையில் முற்றத்தில் காரை விட்டு, முன்னால் இடப்பக்கத்து க்ளவ் பாக்ஸைத் திறந்தேன். மாமா அதை லாச்சி என்பார். இன்சூரன்ஸ் பேப்பர், திருநீற்றுப் பை, செத்த டோர்ச் லைட், கச்சான் கோது எல்லாம் அள்ளி வெளியே வைத்துவிட்டு, பக்கத்தில் மெதுவாகத் திறக்க வைக்கிற சின்னக் கையைக் கழற்றி, பெட்டியின் இரண்டு பக்கச் சுவரையும் உள்நோக்கி அமத்தினால் அது தொப்பென்று கீழே தொங்கும். ஸ்குரூ டிரைவர் வேண்டாம். உள்ளே நீட்டுவாக்கில் ஒரு பிளாஸ்டிக் மூடி, ஓரத்தில் கிளிப். அதை எடுத்தால் பில்டர் சட்டம் லாச்சி மாதிரியே வெளியே வரும்.

வந்தது பில்டர் என்று சொல்ல முடியாது. மேலே காய்ந்த வேப்பிலை, அதற்குக் கீழே தேங்காய்த் தும்பும் பஞ்சும் சேர்த்து எலி கட்டின கூடு, கூட்டுக்குக் கீழே மடிப்பு மடிப்பாக இருக்க வேண்டிய இடத்தில் செம்மண் அப்பி ஒரே தட்டையாக நிற்கிறது. விரலால் கீறினேன், அடை அடையாகப் பெயர்ந்தது. ஒரு மூலையை எலி தின்றிருந்தது, அந்த ஓட்டை வழியாகத்தான் இவ்வளவு நாளும் கொஞ்சம் காற்று வந்திருக்கிறது.

"எட மருமோன், உதுக்குள்ளயும் பில்டர் இருக்கோ?" என்று மாமா குனிந்து பார்த்தார். எலி எப்போது வந்தது என்று அவருக்கே பிடிபட்டது. பெற்றோல் இல்லாத மாதங்களில் காரை வேம்பின் கீழே விட்டு மூடி வைத்திருந்தாராம். கண்ணாடிக்கு அடியில் வைப்பர் இருக்கிற இடத்துச் சல்லடை வழியாகத்தான் வெளிக்காற்று உள்ளே போகிறது, இலையும் அந்த வழியேதான். மரத்துக்குக் கீழே கார் விடுகிறவர்கள் பொனட்டைத் திறந்து அந்த ஓரத்தைக் கையால் வழித்துவிட்டாலே பாதி வேலை முடிந்தது.

பார்த்துவிட்டு அவர் சொன்னது இன்னொன்று: "நாங்கள் குடிக்காத புழுதியோ. உந்தத் தூசிக்கோ பயப்பிடுறது?" முள்ளிவாய்க்கால் வரைக்கும் போய், அப்புறம் செட்டிகுளம் முகாமில் இருந்து, திரும்பி வந்து காடாகக் கிடந்த காணியை வெட்டித் துப்புரவாக்கின மனிதர். அவரிடம் போய் மடிப்புப் பேப்பரில் மாட்டுகிற நுண்துகள் பற்றி நான் என்ன விளக்க? காற்று அடைபட்டால் புளோவர் மோட்டார் தேயும், கூலிங் காயிலில் ஐஸ் கட்டும், மோட்டார் போனால் செலவு பில்டரைப்போலப் பல மடங்கு என்று மட்டும் சொன்னேன். அது உடனே ஏறியது.

கிளிநொச்சியில் பாட்ஸ் கடையில் கேட்டபோது முதலில் இன்ஜின் பில்டரைத்தான் எடுத்து வைத்தார்கள். பழைய சட்டத்தைக் காட்டிய பிறகு உள்ளே போய் ஒரு பெட்டியைத் தட்டிக்கொண்டு வந்தார் கடைக்கார அண்ணை. வாங்கப் போகிறவர்கள் பழையதைக் கையோடு கொண்டு போங்கள், அல்லது நீள அகல உயரத்தை அளந்து எழுதிக்கொண்டு போங்கள். கொஞ்சம் சின்னதாக இருந்தாலும் உள்ளே இறங்கி உட்காரும், ஆனால் காற்று ஓர இடுக்கால் போய்விடும், பில்டர் சும்மா பார்த்துக்கொண்டிருக்கும். கருப்பாக இருப்பது கரி போட்டது, புகை வாசத்தையும் பிடிக்கும், விலை கூட. டிப்பருக்கும் பஸ்ஸுக்கும் பின்னால் ஏ9இல் நாள் முழுக்க ஓடுகிறவர்களுக்கு அது சரி. முரசுமோட்டைக்கும் தர்மபுரத்துக்கும் இடையில் ஓடுகிறவர்களுக்கு வெள்ளையே போதும் என்பது என் அபிப்பிராயம், காசை மிச்சம் பிடித்துக் கெதியாக மாற்றலாம்.

மாட்டும்போது ஒரு சங்கதி. சில பில்டரில் 'அப்' என்று எழுதி அம்பு போட்டிருக்கும், அது இந்தப் பக்கம் மேலே இருக்கட்டும் என்று அர்த்தம். சிலதில் 'எயார் ப்ளோ' என்று எழுதி அம்பு போட்டிருக்கும், அது காற்று போகிற திசை. இந்தக் காரில் காற்று மேலிருந்து கீழே இறங்குகிறது, ஆகவே முதல் வகை அம்பு வானத்தைப் பார்க்க வேண்டும், இரண்டாவது வகை கால் மிதியைப் பார்க்க வேண்டும். எழுத்தைப் படிக்காமல் அம்பை மட்டும் பார்த்து மாட்டினவை திருச்சியிலும் நிறைய வந்திருக்கின்றன, இங்கேயும் வருகின்றன.

கம்பெனிப் புத்தகத்தில் கிலோமீட்டர் கணக்கு இருக்கும். தூசி கூடின இடமென்றால் அதற்கு முன்பே மாற்றச் சொல்லி ஒரு வரியும் இருக்கும், வன்னிக்கு அந்த ஒரு வரிதான் பொருந்தும். நான் இந்த ஊரின் வருஷத்தைக் கற்றுக்கொண்டதே ஏறக்குறைய இதை இழுத்துப் பார்த்துத்தான். வைகாசிக்குப் பிறகு சோளகக் காற்று எழும்பினால் கிரவல் றோட்டுகளெல்லாம் மேலே கிளம்பிவிடும். முன்னால் ஒரு டிப்பர் போனால் பின்னால் வருகிறவன் லைட் போட்டுத்தான் ஓட வேண்டும், பில்டர் செங்கல் நிறத்துக்கு மாறிவிடும். ஐப்பசியில் மழை தொடங்கினால் புழுதி இல்லை, ஆனால் அதே புழுதி ஈரத்தில் ஊறிப் பூஞ்சணம் பிடிக்கும், முன் கண்ணாடி உட்பக்கமாகப் பனி மாதிரிப் புகார் கட்டும், துடைத்துத் துடைத்துக் கை நோகும். பிறகு காலபோக அருவி வெட்டு, மாரி நெல் அறுவடை. வயலுக்குள்ளே மெஷின் இறங்கினால் வருகிற சுணை இருக்கிறதே, அதை நான் முகாமில் கண்டதில்லை. உடம்பில் பட்டால் அரிக்கும், கண்ணில் பட்டால் எரியும், பில்டர் மடிப்பில் ஊசி ஊசியாகக் குத்தி நிற்கும். தட்டினால் மண் விழுகிறது, சுணை விழாது. றோட்டோரம் நெல்லுக் காயப்போட்டிருக்கிற இடத்தைக் கண்ணாடி இறக்கிக்கொண்டு கடந்து போனால் இன்னும் கொஞ்சம் உள்ளே வரும்.

காற்றடித்துத் திரும்பப் போடலாமா என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். கம்ப்ரசரில் முழு விசையோடு அடித்தால் நார் கிழிந்துவிடும், அப்புறம் அது சல்லடை. கையால் தட்டுவது நல்லது, அடித்தே ஆக வேண்டுமென்றால் தள்ளி நின்று, சுத்தமான பக்கத்திலிருந்து, குறைந்த விசையில் அடிக்க வேண்டும். சவர்க்காரம் போட்டுக் கழுவி வெயிலில் காயவைத்துக் கொண்டு வந்த ஒரு வாத்தியார் இருக்கிறார், அவருடைய விட்ஸ் கார் அவருடைய சட்டைகளைப்போலவே வெள்ளை. பல பில்டர்களில் அந்த நாருக்கு ஏற்றியிருக்கிற மின்னேற்றம்தான் நுண்ணிய தூசியை இழுத்துப் பிடிக்கிறது, சவர்க்காரத் தண்ணீர் பட்டால் அது குறைந்துவிடும். சொன்னேன், அவர் நம்பவில்லை. புதியதை மாட்டிவிட்டு வந்தேன், அதற்குக் காசு தந்தார், கழுவினதையும் பத்திரமாக எடுத்து வைத்துக்கொண்டார்.

உள்காற்று பட்டனைப் போட்டால் தூசி வராதே, பிறகு எதற்குப் பில்டர் என்பது மாமாவின் கட்சி. புழுதிக்குள்ளே ஓடும்போது அதைப் போடுவது சரிதான், நானும் போடுகிறேன். ஆனால் இந்தக் காரில் உள்காற்றும் அதே பில்டரைத் தாண்டித்தான் சுற்றுகிறது. அதோடு நாலு பேர் இருக்கிற காரில் கட்டுநாயக்கா வரைக்கும் அப்படியே ஓடினால் ஓட்டுகிறவனுக்கே நித்திரை தூக்கும். கிரவல் முடிந்து தார் வந்ததும் பட்டனை மாற்றிவிடுங்கள்.

வருஷா வருஷம் வாகன வரிப்பத்திரத்துக்காகப் புகைப் பரிசோதனைக்குப் போகிறோம், அங்கே கார் வெளியே விடுகிற காற்றை அளக்கிறார்கள். உள்ளே இருக்கிறவன் இழுக்கிற காற்றை யாரும் கேட்பதில்லை, அது கேட்க வேண்டிய விஷயமும் இல்லை என்று வையுங்கள். ஆனால் இந்தச் சின்ன வேலையால்தான் இங்கே என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடத் தொடங்கினார்கள். முன்பெல்லாம் அம்மாவின் பெயரைச் சொல்லி அவவின் மகன் என்பார்கள். இப்போது கராஜ் பாஸ் ஒருவர் ஏசி வாசம் என்று வருகிற கார்களை என்னிடம் அனுப்புகிறார், பரந்தனில் ஒரு மருந்துக்கடை அக்கா எலிக்கு என்ன வைக்கலாம் என்று போனில் கேட்கிறா. நப்தலின் உருண்டை வைக்காதீர்கள், அந்த வாசத்தை நீங்கள்தான் இழுக்க வேண்டும், சல்லடைக்கு உட்பக்கம் துருப்பிடிக்காத கம்பி வலை வெட்டிப் போடுங்கள் என்றேன்.

தை பிறந்ததும் மாமாவே கேட்டார்: "மருமோன், புதுசு இப்ப போடுறதோ, வெட்டு முடியப் போடுறதோ?" வெட்டு முடியப் போடுவோம், அதுவரைக்கும் பழையதைத் தட்டித் தட்டி ஓடலாம் மாமா, என்றேன். சரி என்றார். கடையில் மட்டும் இப்போதே இரண்டு வாங்கி வைக்கச் சொன்னார், வெட்டு முடிந்தால் எல்லோரும் தேடுவார்களாம்.