பானெட் பளபள, ரூஃப் மட்டும் அடம்

மாமரத்துப் பிசின் கடைசியில் பானெட்டை விட்டு இறங்கியது. பாலிதீன் பையைக் கையில் மாட்டித் தடவிப் பார்த்தேன், ஒரு மணல்துளிகூட இடறவில்லை. கருநீல வண்டி வைத்திருப்பவர்களுக்குத்தான் இதன் அருமை தெரியும்.

பெங்களூர் ஜெயநகரில் எங்கள் கட்டடத்தில் எனக்கு வாய்த்த பார்க்கிங் மாமரத்தடியில். அங்கே வண்டியில் ஒட்டுவது எல்லாம் பிசின் இல்லை. பூக்கிற காலத்தில் பொடிப்பொடியாகத் தெளித்திருப்பது தத்துப்பூச்சி விடும் சர்க்கரைத் தண்ணீர். வெதுவெதுப்பான நீரும் ஷாம்பூவும் போதும், விட்டுவைத்தால் கரும்பூஞ்சாணம் பிடிக்கும். தொல்லை கொடுப்பது காம்பும் கிளையும் ஒடிந்த இடத்தில் சொட்டும் பால். வாயோரத்தில் பட்டாலே புண்ணாக்குகிற சமாச்சாரம், பெயின்டை மட்டும் சும்மா விடுமா? காய்ந்துவிட்டால் தண்ணீருக்கு அசையாது.

"பெட்ரோல் ஊத்தித் துடைச்சா ஒரே நிமிஷம் சார்" என்றார் கிருஷ்ணகிரிக்கார வாட்ச்மேன். அவர் சொன்னதைக் கேட்காமல் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் எடுத்தேன். எல்லாரும் இதைத்தான் சொல்கிறார்கள், ஆனால் துணியில் நனைத்துத் தேய் என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். தேய்க்கவே கூடாது. பிசினுக்குள் புழுதி புதைந்திருக்கும், தேய்த்தால் அது உப்புத்தாள் வேலை பார்க்கும். கிளியர்கோட், அதாவது பெயின்டின்மேல் இருக்கும் நிறமற்ற பூச்சின் கனமே ஏறக்குறைய 40, 50 மைக்ரான்தான்.

இன்னொரு சிக்கல், பெங்களூர்க் காற்றில் ஆல்கஹால் ஊறுவதற்குள் பறந்துவிடும். அதற்கு நான் கண்ட வழி: பஞ்சை நன்றாக நனைத்துப் பிசின்மேல் வைத்து, சமையலறை கிளிங் ஃபிலிமால் மூடி ஓரங்களை அழுத்திவிட வேண்டும். ஒரு நிமிடம் கழித்துத் திறந்தால் கொழகொழவென்று இளகியிருக்கும். மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றி எடுங்கள், ஒவ்வோர் ஒற்றுக்கும் துணியின் புதுப்பக்கம். போகாவிட்டால் மறுபடி பஞ்சு, மறுபடி மூடல். நகத்தால் நெம்பும் ஆசை வரும், அடக்கிக்கொள்ளுங்கள். வண்டி நிழலில், தொட்டால் சில்லென்று இருக்கும்போது மட்டுமே இதெல்லாம். மறுபெயின்ட் அடித்த வண்டி என்றால் கதவின் உள்விளிம்பில் சோதித்துவிட்டுத் தொடங்குங்கள்.

முன்பக்க கிரில்லருகே இருந்த பழைய கட்டிகளுக்கு, ஊட்டியிலிருந்து வந்து அலமாரியில் தூங்கிய நீலகிரித் தைலத்தை முயன்றேன். அருமையாக இளக்குகிறது. ஆனால் எண்ணெய்ப் படலம் நிற்கும், உடனே ஷாம்பூ போட்டாக வேண்டும். வீட்டில் யாருக்கோ ஜலதோஷம் என்று பக்கத்து வீட்டில் விசாரித்தார்கள்.

ஆல்கஹாலுக்கு மருந்துக்கடையை நம்ப வேண்டாம், சின்னச் சின்ன பாட்டில்தான் கிடைக்கும். எஸ்.பி. ரோட்டில் சர்க்யூட் போர்டு துடைக்க லிட்டர் கணக்கில் விற்கிறார்கள். அங்கிருந்து நடந்து ஜே.சி. ரோடு போனால், பெயின்டில் ஒட்டிய அழுக்கை உருவியெடுக்கும் களிமண் போன்ற கிளே பாரும் வாங்கிவிடலாம். கடையில் முதலில் நீட்டுவது முரட்டு ரகம், மென்மையான ரகத்தைக் கேட்டு வாங்குங்கள். கீழே விழுந்த கிளேயைத் துடைத்துத் திரும்பப் பயன்படுத்தும் சிக்கனம் மட்டும் வேண்டாம்.

கழுவுவது தனிப் பாடு. 2024 மார்ச்சில் குடிநீரில் கார் கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்று குடிநீர் வாரியம் அறிவித்ததிலிருந்து எங்கள் கட்டடத்தில் ஹோஸ் பைப் கிடையாது. போர்வெல் தண்ணீரை அப்படியே காயவிட்டால் வெள்ளைப் புள்ளி. அதனால் ஷாம்பூவுக்கு ஒன்று, துணி அலச ஒன்று என இரண்டு பக்கெட், உடனுக்குடன் துடைப்பு.

ரூஃப் கதைக்கு வருவோம். பிசின் போய்விட்டது, அது இருந்த இடத்தில் மோதிரம் மோதிரமாகத் தடம். வெயிலில் சுட்டுச் சுட்டு கிளியர்கோட்டையே அரித்திருக்கிறது. கிளே தொடவே இல்லை, கையால் போட்ட பாலிஷ் ஓரங்களை மட்டும் மங்கலாக்கியது. மெஷின் பாலிஷர் இல்லாமல் ஆகாது போலிருக்கிறது. வாடகைக்குக் கிடைக்குமா என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன். அதற்குள் மஞ்சளடித்த ஹெட்லேம்ப்புக்கு 1000, 2000, 3000 நம்பர் வாட்டர் பேப்பர் (நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாள்) வாங்கியாயிற்று. ஞாயிற்றுக்கிழமை அதுதான் முதலில்.