செட் புதிது, ஒயர் பழையது

2019 ஜூலையில் எங்கள் மாருதி 800-க்கு இரண்டாம் முறையாக ஆர்.சி. புதுப்பித்துக்கொண்டு வந்தோம். வண்டி 1999 மாடல். இன்னும் 5 ஆண்டு ஓட்டலாம் என்று தாள் கைக்கு வந்த அன்று சாயங்காலமே அப்பா கேட்டார்: “அப்படியென்றால் இந்த ரேடியோவுக்கும் ஒரு வழி பண்ணிவிடலாமா?”

ரேடியோ என்று அவர் சொன்னது காரில் இருந்த கேசட் செட்டை. அது வாய் மூடி ஏழெட்டு வருடம் ஆகிறது. மூடும்போது சும்மா மூடவில்லை; காருகுறிச்சி அருணாசலத்தின் நாதஸ்வரக் கேசட் ஒன்றை விழுங்கிக்கொண்டு மூடியது. வெளியே தள்ளும் பொத்தானை எவ்வளவு அழுத்தியும் பலனில்லை. கேசட்டின் விளிம்பு மட்டும் உள்ளே மங்கலாகத் தெரியும். சிக்னலில் நிற்கும்போதெல்லாம் அப்பா குனிந்து அதை ஒருமுறை பார்த்துக்கொள்வார்.

அவர் போட்ட நிபந்தனைகள் மூன்று. கேசட் சேதமில்லாமல் வெளியே வர வேண்டும். திருநெல்வேலி வானொலி எடுக்க வேண்டும். டாஷ்போர்டில் ரம்பம் படக்கூடாது. அந்தக் கேசட்டைப் போட்டுக் கேட்கும் பெட்டியைப் பற்றி ஒரு நிபந்தனையும் இல்லை என்பதை அப்போது நான் கவனிக்கவில்லை.

வண்ணார்பேட்டையில் இரண்டு கடை, பாளையங்கோட்டையில் ஒரு கடை ஏறி இறங்கினேன். மூன்றிலும் ஒரே யோசனைதான்: பெரிய டச் ஸ்கிரீன் போடுங்கள். 800-இன் டாஷ்போர்டில் செட்டுக்கென்று விட்டிருக்கும் இடம் 180 மில்லிமீட்டர் அகலம், 50 மில்லிமீட்டர் உயரம். இதற்குச் சிங்கிள் டின் என்று பெயர். டச் ஸ்கிரீனுக்கு வேண்டியது டபுள் டின், அதாவது உயரம் 100. மிச்ச 50-க்கு டாஷ்போர்டைத்தான் அறுக்க வேண்டும். “அறுத்தது தெரியாமல் பட்டை ஒட்டித் தருகிறோம்” என்றார் ஒரு கடைக்காரர். அப்பா டின் என்றதைத் தகர டின் என்று நினைத்துக்கொண்டு, “காருக்குள் எதற்குத் தகரம்?” என்றார். அது ஜெர்மானியத் தர நிர்ணய அமைப்பின் பெயர்ச் சுருக்கம் என்று பிறகு விளக்க வேண்டியிருந்தது.

அதைவிடப் பெரிய சிக்கல் மீடியம் வேவ். திருநெல்வேலி வானொலி வருவது அந்த அலையில்தான். மூன்று கடைகளிலும் எடுத்துக் காட்டிய டச் ஸ்கிரீன் செட்டுகள் எதிலும் அது கிடையாது. “மீடியம் வேவ் உண்டா தம்பி?” என்று கேட்டதற்கு ஒரு பையன் என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டு, “எஃப்.எம். நன்றாக எடுக்கும் சார்” என்றான். பாளையங்கோட்டையிலிருந்து 1963 முதல் பேசிக்கொண்டிருக்கும் நிலையத்தை அதே பாளையங்கோட்டையில் விற்கும் செட் எடுக்காது என்பதை அப்பாவிடம் எப்படிச் சொல்வது?

அந்தச் சமயத்தில் அமெரிக்காவிலிருந்து மைத்துனன் விடுமுறைக்கு வந்தான். “அத்தான், பெட்டியில் இடம் இருந்தது” என்று ஒரு செட்டை நீட்டினான். சிங்கிள் டின், புளூடூத், யு.எஸ்.பி., எஃப்.எம்., ஏ.எம். எல்லாம் உண்டு. ஏ.எம். என்றாலே மீடியம் வேவ்தான் என்று அப்பாவுக்கு எழுத்துக்கூட்டிச் சொன்னேன். அட்டைப் பெட்டியில் 50 வாட் பெருக்கல் 4 என்று போட்டிருந்தது. அது கல்யாண வீட்டுக் கணக்கு. தொடர்ந்து கொடுக்கக்கூடியது ஒரு ஸ்பீக்கருக்கு 20 வாட்டை ஒட்டித்தான் இருக்கும். எங்களுக்கு அதுவே தாராளம். பின் கண்ணாடிக்குக் கீழே பலகையில் பதித்த பழைய நீள்வட்ட ஸ்பீக்கர்கள் இரண்டுதான் வண்டியில் இருந்தன.

பைபாஸ் சாலையில் ஒரு கடையில் பொருத்தக் கொடுத்தேன். அரை மணி நேரத்தில் வேலை முடிந்தது. அவ்வளவு சீக்கிரம் முடிந்தபோதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். ஒயரை ஒயரோடு முறுக்கி, மேலே கறுப்பு டேப் சுற்றி, பந்தாக உள்ளே திணித்துவிட்டார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை குற்றாலம் கிளம்பினோம். பேட்டை தாண்டும்வரை எஃப்.எம். பேச்சு நன்றாக இருந்தது. அப்பாவுக்காக என் போனிலிருந்து காருகுறிச்சியார் நாதஸ்வரம் போட்டேன், அதுவும் ஓடியது. ஆலங்குளம் நெருங்கும்போது பின் இருக்கையில் இருந்த என் மகள் தனக்குப் பிடித்த புதுப் பாட்டைப் போட்டுச் சத்தத்தைக் கூட்டினாள். இரண்டே நிமிடம். செட் சடாரென்று அணைந்து திரையில் ‘புரொடெக்ட்’ என்று வந்தது. சாவியைத் திருப்பிப் போட்டால் மீண்டும் வரும். பேச்சு ஓடும், நாதஸ்வரம் ஓடும், புதுப் பாட்டு வந்தால் விழும். பாவூர்சத்திரம் போய்ச் சேர்வதற்குள் நாலு முறை விழுந்தது. “செட்டுக்கு ஞானம் இருக்கிறது” என்றார் அப்பா. மகள் அன்று முழுவதும் அவரோடு பேசவில்லை.

இது போதாதென்று, சாவியை எடுத்த ஒவ்வொரு தடவையும் கடிகாரம் 12.00-க்குப் போய்விடும், சேமித்து வைத்த நிலையங்கள் அழிந்துவிடும். அப்பாவின் திருநெல்வேலி வானொலி இருக்கும் 1197 கிலோஹெர்ட்ஸோ வரவே இல்லை. 1190 அல்லது 1200 என்றுதான் எண்கள் தாண்டின. 1200-இல் நிறுத்தினால் அறிவிப்பாளர் வாயில் வெற்றிலையைக் குதப்பிக்கொண்டு பேசுவதுபோல இருந்தது.

கடைக்குத் திரும்பப் போனேன். செட்டில்தான் கோளாறு, வெளிநாட்டுச் சரக்கு, நாங்கள் பொறுப்பில்லை என்றார்கள். சண்டை போட எனக்குத் தெம்பில்லை.

பாளையங்கோட்டையில் ஒரு வேப்பமரத்தடிக் கொட்டகையில் வேலை பார்க்கும் ஆட்டோ எலக்ட்ரீசியன் அண்ணாச்சி ஒருவரை நண்பர் காட்டினார். செட்டை வெளியே இழுத்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி: “பின்னால் ஸ்பீக்கருக்கு எத்தனை ஒயர் போகிறது, நாலா மூன்றா?” பலகையைத் தூக்கிப் பார்த்தோம். மூன்று.

மல்டிமீட்டரை எடுத்தார். கறுப்பு முனையைக் கதவுக் கீலுக்குப் பக்கத்தில் வண்டி உடம்பில் வைத்தார். சிவப்பு முனையைப் புது செட்டின் ஸ்பீக்கர் ஒயரில் பிளஸ்ஸில் தொட்டார். 6 வோல்ட்டுக்குச் சற்று மேலே காட்டியது. மைனஸில் தொட்டார்; அதிலும் அதே 6. “பார்த்தீர்களா தம்பி, இதில் மைனஸ் என்று பெயர்தான். இரண்டு முனையும் உயிரோடு இருக்கிறது” என்றார்.

விஷயம் இதுதான். பழைய கேசட் செட்டுகளில் பெரும்பாலும் ஒரு ஸ்பீக்கருக்கு ஒரே ஒரு ஒயரில்தான் சத்தம் வரும், மறுமுனை எர்த், அதாவது வண்டி உடம்பு. ஆகவே இரண்டு ஸ்பீக்கருக்கும் பொதுவாக ஒரே எர்த் ஒயரை ஓட்டி ஓர் ஒயரை மிச்சம் பிடித்திருந்தார்கள். புது செட் அப்படியில்லை. ஒவ்வொரு ஸ்பீக்கரின் இரண்டு முனையையும் அதுவே எதிரெதிராகத் தள்ளுகிறது, இழுக்கிறது. பைபாஸ் கடையில் இடது மைனஸையும் வலது மைனஸையும் ஒன்றாக முறுக்கி அந்தப் பழைய பொது ஒயரில் கட்டிவிட்டார்கள். இரண்டு பக்கமும் ஒரே ஒலி போகும்வரை பாதகமில்லை. காருகுறிச்சியார் 1964-இல் காலமானவர். அந்தக் காலத்துப் பதிவு மோனோ, இரண்டு பக்கமும் அச்சாக ஒன்றே. புதுப் பாட்டில் இடது வேறு, வலது வேறு. அப்போது இரண்டு மைனஸும் ஒன்றையொன்று முட்டிக்கொள்ளும், ஒலியைப் பெருக்கும் ஐ.சி. சில்லு சூடாகும், செட் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அணைந்துவிடும். அப்பா சொன்ன ஞானத்துக்கு இதுதான் காரணம்.

கடிகாரம் அழிந்ததற்குக் காரணம் இன்னும் எளிது. செட்டின் மஞ்சள் ஒயர் பேட்டரியோடு எப்போதும் இருக்க வேண்டியது. நினைவைக் காப்பது அதுதான். சிவப்பு, சாவி போட்டால் மட்டும் உயிர் வருவது. கடையில் இரண்டையும் சேர்த்துச் சாவி ஒயரில் கட்டியிருந்தார்கள்.

அண்ணாச்சி பழைய மூன்று ஒயரையும் அப்படியே விட்டுவிட்டு, செட்டிலிருந்து பின்பலகை வரை இரட்டை ஒயர் இரண்டு புதிதாக ஓட்டினார். கதவுப்படியோரத் தகட்டைக் கழற்றி, கால்மிதிக்கு அடியில் விட்டு, சீட் போல்ட்டில் உரசாமல் வளைத்து, ஓரோர் அடிக்கும் கட்டு போட்டார். எங்களுக்கு வேண்டியவை பச்சையும் ஊதாவும், அதாவது பின் இடது, பின் வலது. முன் ஸ்பீக்கருக்கான வெள்ளை, சாம்பல் ஜோடிகளை என்ன செய்வது என்று கேட்டேன். நாலு முனையையும் தனித்தனியாக மூடினார். “சேர்த்துச் சுற்றினால் மறுபடி என்னிடம்தான் வருவீர்கள்.” மஞ்சளுக்குத் தனி ஃபியூஸ், 10 ஆம்பியர். கறுப்பு எர்த் ஒயருக்கு டாஷ்போர்டுக்கு அடியில் ஒரு போல்ட்டைக் கழற்றி, பெயின்ட்டைச் சுரண்டி இரும்பு பளபளத்த பிறகுதான் மாட்டினார். பெயின்ட் மேல் மாட்டினால் ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்கக் கொசு ரீங்காரம்போல ஒரு சத்தம் கூடவே ஏறும் என்றார். ஒவ்வொரு இணைப்பும் ஈயம் வைத்துப் பற்றவைத்தது. டேப் ஒன்றுகூட இல்லை.

செட்டை முடுக்கியதும் அப்பாதான் முகம் சுளித்தார். “நாதஸ்வரம் இருக்கிறது. தவிலைக் காணோம்.” உற்றுக் கேட்டால் உண்மைதான். வலப்பக்கமான வலந்தலையின் படபடப்பு வருகிறது. இடப்பக்கமான தொப்பியில் கம்பு விழும் அந்தக் கனமான அடி இல்லை. அண்ணாச்சி சிரித்துவிட்டார். ஸ்பீக்கர் முனைகள் துருப்பிடித்துப் பிளஸ், மைனஸ் அடையாளம் போயிருந்தது. ஒன்றைத் தலைகீழாகக் கொடுத்துவிட்டார். சுவர்க் கடிகாரத்தில் போடும் 1.5 வோல்ட் செல்லை எடுத்து, இரண்டு ஒயர் துண்டால் ஸ்பீக்கர் முனைகளை ஒரு கணம் தொட்டார். டப் என்று காகிதக் கூம்பு வெளியே எழும்பியது. செல்லின் பிளஸ் எந்த முனையில் பட்டால் வெளியே எழும்புகிறதோ அதுவே ஸ்பீக்கரின் பிளஸ். அடுத்ததைத் தொட்டபோது உள்ளே அமுங்கியது. ஒன்று வெளியே தள்ள மற்றது உள்ளே இழுத்தால் தாழ்ந்த சுருதிச் சத்தம் காற்றிலேயே கரைந்துவிடும். முனையை மாற்றியதும் தவில் வந்து உட்கார்ந்தது. அப்பாவின் விரல் தொடையில் தாளம் போட ஆரம்பித்தது.

மிச்சம் 1197. நான் ஏரியலைத்தான் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன். அண்ணாச்சிக்கும் இது புதிது. வீட்டுக்கு வந்து தாளும் பேனாவுமாக உட்கார்ந்தபோது ஒன்று புலப்பட்டது: இந்தச் செட்டில் எஃப்.எம்.-இல் 93.5 வருகிறது, 106.4 வருவதில்லை. 106.3-க்குப் பிறகு 106.5. கோடை பண்பலை 100.5 நிற்கிறது, நாகர்கோவிலின் 101.0 நிற்பதில்லை. அமெரிக்காவில் எஃப்.எம். நிலையங்கள் ஒற்றைப்படைப் புள்ளியில் மட்டுமே இருக்கும், ஏ.எம். நிலையங்கள் 10 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் இருக்கும். செட் அந்தப் படியில்தான் தாவியது. நம் பக்கம் ஏ.எம். இடைவெளி 9. ஜெனீவாவில் 1975-இல் பேசி, 1978 நவம்பர் முதல் நடைமுறைக்கு வந்த ஏற்பாடு அது. 1197-ஐ 9-ஆல் வகுத்தால் 133, மீதியில்லை. தூத்துக்குடியின் 1053-ஐ வகுத்தால் 117. வகுத்துப் பார்த்தபோது எனக்கே ஒரு குஷி.

செட்டை அணைத்துவிட்டு, குமிழை நாலைந்து நொடி அழுத்திப் பிடித்தால் ஒளிந்திருக்கும் இன்னொரு மெனு திறந்தது. அதில் ஏ.எம். படியை 10-இலிருந்து 9-க்கு மாற்ற இடம் இருந்தது, எஃப்.எம். படிக்கும் அப்படியே. எல்லா அமெரிக்கச் செட்டிலும் இது இருப்பதில்லை. வாங்கி வரச் சொல்பவர்கள் இதைக் கேட்டுக்கொண்டு சொல்வது நல்லது.

1197 வந்தது. கூடவே ஓர் இரைச்சலும் வந்தது. பழைய கேசட் செட்டில் இப்படி இருந்ததில்லையே என்று அப்பா. இரண்டு நாள் ஏரியலை நீட்டியும் மடக்கியும் பார்த்தேன், அதன் செருகியைத் தேய்த்தேன். கடைசியில் அம்மா தன் போனை எடுப்பதற்காகச் சிகரெட் லைட்டர் குழியில் செருகியிருந்த மலிவு சார்ஜரைப் பிடுங்கியபோது இரைச்சல் நின்றது. அந்தச் சார்ஜர் உள்ளே விநாடிக்குப் பல்லாயிரக்கணக்கான முறை மின்சாரத்தை வெட்டி ஒட்டுவதால் எழும் கூச்சல் மீடியம் வேவில் அப்படியே கேட்கிறது. எஃப்.எம்.-இல் தெரிவதில்லை. இப்போது செய்தி நேரத்தில் வண்டியில் யாரும் போன் சார்ஜ் போடக் கூடாது என்பது வீட்டுச் சட்டம். பணகுடி, காவல்கிணறு பக்கம் உயரழுத்தக் கம்பிகளுக்கு அடியில் போகும்போது மட்டும் கொஞ்சம் கரகரக்கும். அங்கே சட்டம் போட முடியாது.

அண்ணாச்சிக்குக் கூலியும் சாமானுமாக 1,450 ரூபாய். பைபாஸ் கடையில் கொடுத்தது 500.

கேசட்டைச் சொல்லவில்லையே. பழைய செட்டின் மேல்மூடியைக் கழற்றியபோது, நாடா ரப்பர் உருளையைச் சுற்றி ஏழெட்டுச் சுற்று இறுகியிருந்தது. அண்ணாச்சி கத்தரிக்கோலை எடுத்ததும் அப்பா அவர் கையைப் பிடித்துவிட்டார். பிறகு பெல்ட் சக்கரத்தை விரலால் பின்னோக்கி உருட்டி உருட்டி, கால் மணி நேரத்தில் முழுசாக எடுத்துக் கொடுத்தார். ஒரு சாண் நீளம் மட்டும் கசங்கியிருந்தது. அப்பா அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து, பால்பாயின்ட் பேனாவைச் செருகிச் சுற்றி நாடாவை உள்ளே இழுத்தார். அதைப் போட்டுக் கேட்க வீட்டில் இப்போது எந்தப் பெட்டியும் இல்லை. காரின் முன்பெட்டியில், ஆர்.சி.யோடு சேர்த்து ஒரே உறையில் வைத்திருக்கிறார்.