செனட்டர் யாருடைய பிரதிநிதி? குடியுரிமைத் தேர்வுக்குப் படித்த அனுபவம்

அமெரிக்கக் குடியுரிமை நேர்காணலுக்கான குடிமையியல் வினாக்களில், அந்நாட்டு நாடாளுமன்றமான காங்கிரஸின் இரு அவைகளை, அதாவது பிரதிநிதிகள் சபையையும் செனட்டையும், பற்றிய பகுதியைத்தான் நான் மிகவும் நிதானமாகப் படித்தேன். நான் விண்ணப்பித்தபோது பட்டியலில் 100 வினாக்கள் இருந்தன. அதிகாரி வாய்மொழியாக 10 வரை கேட்பார், 6 சரியாக இருந்தால் தேர்ச்சி. 2025 அக்டோபர் 20 முதல் விண்ணப்பிப்பவர்களுக்குப் பட்டியலில் 128 வினாக்கள். 20 வரை கேட்கப்படும், 12 சரியாக இருக்க வேண்டும்.

படிப்பின் பெரும்பகுதி விடுமுறையில் தக்கலை வீட்டில், ஓய்வுபெற்ற ஆசிரியரான அப்பாவின் துணையோடு நடந்தது. நான் எண்களை மனப்பாடம் செய்வதைக் கேட்டுக்கொண்டிருந்தவர், "மக்களே, எண்ணிக்கையெல்லாம் பொறவு படிக்கலாம். இந்த ஆளுக்கு யாரு ஓட்டுப் போட்டு அனுப்புறா, அதை மொதல்ல சொல்லு" என்று கூறி, கிழித்த நாட்காட்டித் தாளின் பின்பக்கத்தில் நம் அவைகளை இடப்புறமும் அவர்களுடைய அவைகளை வலப்புறமுமாக எழுதத் தொடங்கினார்.

பிரதிநிதிகள் சபை எளிதில் பிடிபட்டது. பத்மநாபபுரம், குளச்சல், விளவங்கோடு உள்ளிட்ட ஆறு சட்டமன்றத் தொகுதிகள் சேர்ந்து கன்னியாகுமரிக்கு ஒரு மக்களவை உறுப்பினரை அனுப்புவதைப் போலவே, அங்கும் ஒரு தொகுதிக்கு ஓர் உறுப்பினர். மொத்தம் 435 பேர், பதவிக்காலம் இரண்டே ஆண்டுகள். நான் வசிக்கும் நியூஜெர்சிக்கு 12 இடங்கள்.

செனட்தான் நின்று யோசிக்க வைத்தது. ஆறு ஆண்டுப் பதவி, இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மூன்றில் ஒரு பங்கினரின் பதவிக்காலம் முடிவது என மேலோட்டமாக அது நம் மாநிலங்களவையை ஒத்திருக்கிறது. ஆனால் மாநிலங்களவைக்கு எம்.எல்.ஏ.க்கள் வாக்களிக்கிறார்கள், செனட்டரை மாநில மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். 1913-இல் 17-ஆவது அரசியலமைப்புத் திருத்தம் வரும்வரை அங்கும் மாநிலச் சட்டமன்றங்களே தேர்ந்தெடுத்தன என்று நான் சொன்னதும் அப்பாவுக்கு அத்தனை மகிழ்ச்சி. இடப் பங்கீடும் வேறு. மாநிலங்களவையில் தமிழ்நாட்டுக்கு 18, உத்தரப் பிரதேசத்துக்கு 31. செனட்டிலோ கலிஃபோர்னியாவுக்கும் இரண்டு, வயோமிங்குக்கும் இரண்டு. பிரதிநிதிகள் சபையில் அதே கலிஃபோர்னியாவுக்கு 52, வயோமிங்குக்கு ஒன்று. இதைப் புரிந்துகொண்ட பிறகு, "செனட்டர் யாருடைய பிரதிநிதி?" என்பதற்கு "மாநில மக்கள் அனைவருடைய பிரதிநிதி" என்றும், "சில மாநிலங்களுக்குப் பிரதிநிதிகள் அதிகமாக இருப்பது ஏன்?" என்பதற்கு "மக்கள்தொகை" என்றும் விடைகள் தாமாகவே வந்து நின்றன.

உங்கள் செனட்டர் யார், பிரதிநிதி யார் என்று பெயர் கேட்கும் வினாக்களுக்குத் தனிக் கவனம் தேவை. எங்கள் மாநிலத்தில் 2024 ஆகஸ்டில் பாப் மெனெண்டஸ் செனட்டிலிருந்து விலகினார். ஆளுநர் நியமித்த ஜார்ஜ் ஹெல்மி சில மாதங்கள் பதவியில் இருந்தார். அதுவரை பிரதிநிதிகள் சபையில் இருந்த ஆண்டி கிம், நவம்பர் தேர்தலில் வென்று, டிசம்பரில் செனட்டராகப் பொறுப்பேற்றார். இதைக் கேட்ட அப்பா, "இடைத்தேர்தல் வைக்காம எப்படி?" என்று கேட்டார். 2020 ஆகஸ்டில் எச். வசந்தகுமார் மறைந்த பிறகு, 2021 ஏப்ரல் இடைத்தேர்தல் வரை கன்னியாகுமரித் தொகுதிக்கு எம்.பி. இல்லாதிருந்ததை அவர் மறக்கவில்லை. அமெரிக்காவிலும் பிரதிநிதிகள் சபையில் காலியாகும் இடத்தைத் தேர்தலால் மட்டுமே நிரப்ப முடியும். செனட் இடத்துக்குத்தான், மாநிலச் சட்டம் அனுமதித்தால், ஆளுநர் தற்காலிகமாக ஒருவரை நியமிக்கலாம். வினாப் பட்டியலில் இல்லாத செய்திதான் இது. ஆனாலும் இரு அவைகளின் வேறுபாட்டை எனக்கு மிகத் தெளிவாக உணர்த்தியது இதுவே.

நேர்காணலில் செனட்டர் வினா வந்தது; தயங்காமல் விடை சொன்னேன். நேர்காணலுக்கு முந்தைய நாள், பிரதிநிதிகள் சபையின் இணையதளத்தில் உங்கள் அஞ்சல் குறியீட்டைக் கொடுத்து உறுப்பினரின் பெயரைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். விண்ணப்பிக்கும்போது 55 வயது நிரம்பி, நிரந்தரக் குடியிருப்பு பெற்று 15 ஆண்டுகள் அங்கு வாழ்ந்தவர்களும், 50 வயது நிரம்பி 20 ஆண்டுகள் வாழ்ந்தவர்களும் மொழிபெயர்ப்பாளரின் உதவியோடு இவ்வினாக்களுக்குத் தமிழிலேயே விடையளிக்கலாம். என் அத்தை இப்போது அப்படித்தான் படித்துவருகிறார். அப்பா எழுதிய தாளைப் படமெடுத்து அவருக்கும் அனுப்பியிருக்கிறேன்.